சித்தியின் வெங்காயச் செடி

ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, ஆனால் வீட்டில் வேறு யாரும் பார்க்க முடியாத வேலை. அப்பா சொல்வதைச் சித்தியிடம் சொல்ல வேண்டும். சித்தி சொல்வதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் பத்தடி தூரத்தில்தான் இருப்பார்கள். ஒருவர் பேசுவது அடுத்தவர் காதில் கணீரென்று விழும். இருந்தாலும் நான் நடுவில் நின்று இன்னொரு தடவை சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும்.

சித்தி என்றால் அப்பாவுடைய தம்பியின் மனைவி. குடவாசல் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில், கணவனின் அண்ணனோடு ஒரு பெண் நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. மரியாதையாம். அவர் கூடத்துக்குள் வந்தால் அவள் எழுந்து நிற்க வேண்டும். அவள் நிற்கிறாளே என்று அவர் சீக்கிரமாகக் கொல்லைப் பக்கம் போய்விட வேண்டும். ஆளுக்கொரு செல்போன், வாசலில் பைக், சமையலறையில் மிக்ஸி என்று எல்லாமே வந்து சேர்ந்தும் இந்த ஒன்று மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

"சாப்பாடு ஆயிடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு பாப்பா" என்பாள் சித்தி.

"மோட்டார நிறுத்திட்டு வர்றேன்னு சித்திகிட்ட சொல்லு" என்பார் அப்பா, அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே.

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பி இரண்டையும் ஒப்பிப்பேன். பெருமை தாங்காது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று வகுப்பில் உட்கார்ந்து கவலைப்பட்டதுகூட உண்டு.

சித்தப்பா கல்யாணத்துக்கு முன் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் சமையல்காரராக இருந்தார். சித்தியின் ஊர் அதற்கும் மேலே, மலையில். தை மாதம் கல்யாணம். கல்யாணம் முடிந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை, வளைகுடாவில் வேலை கிடைத்துவிட்டது என்று சித்தப்பா விமானம் ஏறிவிட்டார். இரண்டு வருஷம் கழித்துத்தான் லீவு. போவதற்கு முன் தங்கள் அறையில் ஒரு ஏசி மாட்டிவிட்டுப் போனார். எங்கள் தெருவிலேயே அதுதான் முதல் ஏசி. பாதித் தெரு வந்து அதன் முன்னால் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போயிற்று.

சித்தி வரும்போது இரண்டு பெட்டிகளும் ஒரு செருப்புப் பெட்டியும் கொண்டுவந்தாள். செருப்புப் பெட்டிக்குள் செருப்பு இல்லை. பாசி படிந்த ஒரு மரக்கட்டையும், அதன்மேல் சின்ன வெங்காயம் மாதிரி பச்சைப் பச்சையாகப் பதினோரு குமிழ்களும் இருந்தன. ஒவ்வொரு குமிழின் தலையிலும் இரண்டு நீள இலைகள். அடியில் வெள்ளை வேர்கள் கட்டையைச் சுற்றிப் பிடித்தது போக மீதி அந்தரத்தில் தொங்கின.

"வழியில மண்ணு கொட்டிப் போச்சா?" என்று பாவமாகக் கேட்டாள் அம்மா.

"இதுக்கு மண்ணே கிடையாதுக்கா. மரத்துல ஒட்டிக்கிட்டு வளரும். பனியும் காத்தும் இருந்தாப் போதும்" என்றாள் சித்தி.

அதன் பெயர் ஆர்க்கிட் என்று சொன்னாள். எங்கள் வாயில் அது நிற்கவில்லை. மறுநாளே வெங்காயச் செடி ஆகிவிட்டது. சித்தியின் அப்பா, புயலில் முறிந்து விழுந்த ஒரு காட்டு மரக் கிளையிலிருந்து அதை எடுத்துவந்து வீட்டுப் பேரிக்காய் மரத்தில் கட்டினாராம். வருஷா வருஷம் வெள்ளை வெள்ளையாகப் பூக்குமாம். அதில் ஒரு துண்டைத்தான் சித்தி வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். கொல்லையில் கொய்யா மர நிழலில் கம்பி போட்டுத் தொங்கவிட்டாள்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு நிம்மதி போயிற்று. அவர் நெல்லுக்காரர். சேற்றில் கை வைத்தே வளர்ந்தவர். வேர் வெளியில் தெரிவதை அவரால் பார்க்க முடியவில்லை. யாரோ துணியில்லாமல் நிற்பதைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற கவலை வேறு. வீட்டுக்கு வந்த பெண்ணின் செடிக்கு ஒரு சட்டி மண் போட இந்த வீட்டில் ஆளில்லையா என்று கேட்டுவிட்டால்?

"நல்ல வண்டல் இருக்கு, வேணும்னா கொண்டாந்து தரேன்னு சித்திகிட்ட சொல்லு" என்று என்னை அனுப்பினார்.

"வேணாம்னு சொல்லு பாப்பா. கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்லு" என்று அனுப்பினாள் சித்தி.

இது வாரத்துக்கு ஒருமுறை நடந்தது. எனக்கு நல்ல வேலைதான்.

சித்தி வந்த பிறகு எனக்கு வீட்டில் ஒரு ஆள் கிடைத்தது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத எனக்கு, வலிக்காமல் தலை வாரிவிடுகிற, வகுத்தல் கணக்கைத் திட்டாமல் சொல்லிக்கொடுக்கிற, "நீ என்ன நினைக்கிறே?" என்று என்னிடமும் கேட்கிற ஒரு ஆள். எனக்குச் சித்தியை அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் சித்திக்கு எங்கள் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. வந்த புதிதில் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்க மேடே கிடையாதா?" என்று கேட்டாள். பங்குனி பிறந்ததும் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சமைத்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை முகம் கழுவினாள். சித்திரையில் கைகளெல்லாம் வேர்க்குரு. ஏசியை மட்டும் போடவே மாட்டாள். மூத்தவர்கள் கூடத்தில் காற்றாடிக்கு அடியில் வேர்த்துக்கொண்டு கிடக்கும்போது நேற்று வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு குளிரில் படுப்பதா? அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். சித்தி சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் பீரோவைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். வெளியே வெயில் தகித்துக்கொண்டிருந்தது.

அதே வாரத்தில்தான் அம்மாவும் அவளும் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சித்தி சொன்னாள்: "இந்தச் செடி இங்க ஒரே ஒரு தடவ பூத்துடுச்சுன்னா நானும் இங்கயே இருந்துடுவேன்கா."

அம்மா சிரித்தாள். சித்தியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூக்காவிட்டால்? 'மலைக்காரப் பொண்ணு, அக்கினி வெயில் வந்தா பெட்டியத் தூக்கிடும்' என்று எதிர்வீட்டு அத்தை சொன்னதை ஏற்கெனவே கேட்டிருந்தேன். ஆகவே அந்தச் செடி பூத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் சித்தி ஊருக்குப் போக வேண்டி வந்தது. தங்கைக்குப் பிரசவம், மூன்று வாரம் கூட இருக்க வேண்டும். பஸ்ஸில் அலைக்கழிந்தால் தாங்காது என்று செடியை என்னிடம் ஒப்படைத்தாள். முடி திருத்தும் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்த மாதிரி ஒரு பாட்டிலும் கொடுத்தாள்.

"காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் இதால தெளிச்சுவிடு. தண்ணி எங்கயும் தேங்கி நிக்கக் கூடாது. மண்ணு மட்டும் வேணவே வேணாம். என்ன?"

"சரி சித்தி."

"திரும்பி வருவீங்கல்ல?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நான் சொன்னபடியே தெளித்தேன். ஆனால் அந்த வெயிலுக்கு, தெளித்த தண்ணீர் நான் பாட்டிலைக் கீழே வைப்பதற்குள் காய்ந்துவிடும். ஒரு வாரத்தில் குமிழ்கள் கிழவியின் கன்னம் மாதிரி சுருங்கின. இலைகள் துவண்டன. பூ வருவதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

அப்பாவும் தினம் வந்து பார்த்தார். அவருக்கு அப்போது கையில் வேலை இல்லாத காலம். அறுவடை எப்போதோ முடிந்து வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் வந்தால்தான் அவருக்கு உயிர் வரும். அதுவரை இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இப்படி வேரக் காய விட்டா எந்தச் செடிதான் வரும்? நம்ம வீட்டுல வந்து இது செத்துச்சுன்னா அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்?" என்று அம்மாவிடம் புலம்பினார்.

"போன் போட்டு நீங்களே ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் அம்மா.

"நானா? நல்லாவா இருக்கும்? பாப்பா கேக்கட்டும்."

தன் செல்போனில் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தார். "மண்ணுல எடுத்து வைக்கலாமான்னு கேளு." கொடுத்துவிட்டு, பேச்சு காதில் விழக் கூடாதென்று மோட்டார் கொட்டகை வரைக்கும் நடந்து போனார். எங்கள் மரியாதை அவ்வளவு தூரம் நடக்க வைக்கும்.

சித்தி போனை எடுத்ததும் பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை, பஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள். "இங்க ஒரே மூடுபனி பாப்பா. எதிர்வீடு தெரியல. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்!" என்றாள். அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. எனக்குப் பகீரென்றது. அவள் வரப்போவதில்லை என்றே நினைத்தேன்.

"செடி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு சித்தி."

அது முதல் பொய். மண்ணைப் பற்றிக் கேட்டால் வேண்டாம் என்பாள், தெரியும். வேண்டாம் என்றால் செடி இப்படியே காய்ந்து போகும். அப்பா கை பட்டால் எது வேண்டுமானாலும் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூச்சி அடித்து ஊரெல்லாம் கைவிட்ட பயிரை அவர் மீட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன்.

"சரின்னு சொல்லிட்டாங்கப்பா!"

அது இரண்டாவது. என் உத்தியோகத்தில் நான் செய்த முதல் மோசடியும் அதுதான்.

அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேட்டூரே திறந்துவிட்ட மாதிரி இருந்தது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, தூர் வாரிய வாய்க்காலின் கரைக்குப் போனார். மாவு மாதிரியான வண்டலாகப் பார்த்து அள்ளிவந்து, சலித்து, மட்கிய சாணம் கலந்து, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெயிண்ட் வாளியில் நிரப்பினார். அடியில் ஓட்டை போடவில்லை. நெல்லுக்குத் தண்ணீர் நின்றால்தானே? தண்ணீர் விட்டுச் சேறாகக் குழைத்தார். பிறகு குமிழ்களைக் கட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். வேர்கள் நறுக் நறுக்கென்று அறுந்தன. "பழைய வேரு போனாத்தான் புது வேரு வரும்" என்றார். பதினோரு குமிழ்களையும் இரண்டும் மூன்றுமாகச் சேர்த்து, இடைவெளி விட்டு, நடவுக்காரப் பெண்கள் நாற்று நடுகிற மாதிரியே கட்டை விரலால் சேற்றில் அழுத்தி நட்டார். நாற்றங்காலுக்குத் தெளிக்கிற யூரியாவில் இரண்டு சிட்டிகை. மேலே இரண்டு விரற்கடைத் தண்ணீர்.

"இனிமே பாரு" என்றார். நாங்கள் இருவரும் சேற்றுக் கையோடு நின்று பார்த்தோம். அழகாக, வரிசையாக, வாளிக்குள் ஒரு சின்ன வயல்.

நாலு நாள் நிஜமாகவே நன்றாக இருந்தது. சுருங்கிய குமிழ்கள் உப்பின. அப்பா போகிற வருகிறவரையெல்லாம் கொல்லைக்குக் கூட்டிவந்து காட்டினார். ஆறாம் நாள் இலை மஞ்சளானது. "நாத்துப் பறிச்சு நட்டா முதல்ல வெளுக்கும், அப்புறம்தான் பச்சை புடிக்கும்" என்று என்னைத் தேற்றினார். பத்தாம் நாள் வாளியிலிருந்து ஒரு வாடை வந்தது. ஒரு குமிழை விரலால் தொட்டேன்; பழுத்த தக்காளி மாதிரி அமுங்கி, பழுப்புத் தண்ணீர் வழிந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அப்பா வருவதற்கு முன் நான் கொல்லைக்கு ஓடி, சாய்ந்து விழுந்த இலைகளைச் சேற்றில் குத்தி நிமிர்த்தி வைத்தேன். அப்பா வந்து பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. சித்தி வராமலே இருந்துவிட்டால் தப்பித்தேன் என்றும், வராவிட்டால் செத்தேன் என்றும் மாறி மாறித் தோன்றியது.

சித்தி வந்துவிட்டாள். சொன்ன நாளில், காலை பஸ்ஸில், கன்னமெல்லாம் சிவந்து. எனக்கு ஒரு பை நிறைய பிளம்ஸ் பழமும் கம்பளிக் குல்லாவும் கொண்டுவந்திருந்தாள். அந்த வெயிலில் குல்லாவைத் தலையில் மாட்டிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். நேரே கொல்லைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கால்கள் தாமாகப் போயின.

வாளியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு இலையைத் தொட்டாள். அது கையோடு வந்துவிட்டது. அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"யாரு பாப்பா மண்ணுல வச்சது?"

நான் குல்லாவின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போனேனே. போன்லகூடக் கேட்டேன், நல்லா இருக்குன்னு சொன்னே. மண்ணப் பத்தி நீ எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே."

அப்போதுதான் கவனித்தேன். அப்பா நாலடி தள்ளி, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர், குழாயை மூடிவிட்டு நின்றுகொண்டிருந்தார். சித்தி சொன்னது ஒன்றுவிடாமல் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். என் கதை முடிந்தது என்று தெரிந்துவிட்டது. அவரைக் கண்டதும் சித்தி வழக்கம்போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"எழுந்திரிக்க வேணாம். உக்காரும்மா" என்றார் அப்பா.

சமையலறையில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"பாப்பா மேல தப்பு இல்ல. அது சரியாத்தான் சொல்லுச்சு, மண்ணு வேணாம்னு. நான்தான் காதுல வாங்கல. எனக்குத் தெரிஞ்சது நெல்லு ஒண்ணுதாம்மா. அத எப்படி வைப்பேனோ அப்படியே இதையும் வச்சுட்டேன். தப்பு என்னோடது."

இவ்வளவையும் சித்தியைப் பார்த்தே சொன்னார். நடுவில் நான் இருந்தேன். என்னைத் தாண்டிப் போயிற்று பேச்சு. சித்தி பாதி எழுந்தபடி அப்படியே நின்றாள். அம்மா துருவின தேங்காய் கையோடு கொல்லை வாசற்படியில் வந்து நின்றாள்.

"பரவால்ல மாமா" என்றாள் சித்தி கடைசியில். பிறகு வாளிக்குள் கையை விட்டுத் துழாவினாள். "ரெண்டு மூணு கெட்டியாத்தான் இருக்கு. பாக்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்கு இவ்வளவு ஞாபக மறதி இருப்பதை எண்ணி வியந்துபோனேன். மண் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? கடவுளாகப் பார்த்து அவருக்கு எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டார் என்று நினைத்து, அன்று மாலை பிள்ளையார் கோவிலுக்குப் போய் மூன்று சுற்று அதிகமாகச் சுற்றினேன்.

மீட்பு வேலை அந்த இடத்திலேயே ஆரம்பமானது. வாளியைச் சாய்த்து, குமிழ் குமிழாக எடுத்துக் கழுவினார்கள். அப்பா பிளேடு கொண்டுவந்தார். சித்தி அதை அடுப்பில் காட்டி எடுத்து, அழுகினதையெல்லாம் வெட்டி எறிந்தாள். பதினொன்றில் நாலுதான் மிஞ்சின. வெட்டுப்பட்ட இடங்களில் மஞ்சள் தூள் வைத்தாள். அப்பா காய்ந்த தேங்காய் மட்டையைப் பிளந்து கொடுத்தார். அவர் மட்டையைப் பிடித்துக்கொள்ள, அவள் கயிற்று நாரால் நாலு குமிழ்களையும் அதன்மேல் கட்டினாள். "இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?" என்று அவர் கேட்டார். "போதும் மாமா, மூச்சு விடணும்" என்றாள் அவள். நான் தகவல் சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"வேற என்ன வேணும் இதுக்கு?" என்றார் அப்பா.

"பகல்ல நிழலும் ஈரமும் குடுத்துச் சமாளிச்சிடலாம் மாமா. ராத்திரியில குளிரணும். அதுக்குத்தான் இங்க வழியில்ல."

"ஏன் இல்ல? தம்பி மாட்டிட்டுப் போன ஏசி சும்மாத்தானே கிடக்கு. உள்ள கொண்டுபோய்த் தொங்கவிட்டுட்டு அதப் போடு."

"ஐயோ, வேணாம் மாமா. நீங்கள்லாம் வெளியில..."

"செடிக்குத்தானேம்மா? போடு."

அன்று இருட்டுவதற்குள் செடி அறைக்குள் போயிற்று. ஏசிக் காற்றில் காய்ந்துவிடக் கூடாதென்று அடியில் ஒரு தட்டில் ஈர மணல் வைத்தாள். அப்பா அறைப் பக்கம் வரவில்லை. கூடத்திலேயே நின்று, ஏசி உறுமும் சத்தம் கேட்ட பிறகுதான் செய்தி பார்க்க உட்கார்ந்தார். அதன்பிறகு தினமும் சாப்பாடு முடிந்ததும் கூடத்திலிருந்து அவர் குரல் வரும்: "செடிக்கு ஏசி போட்டாச்சாம்மா?" "போட்டாச்சு மாமா" என்று பதில் வரும். செடிக்குத் துணையாக நானும் அங்கேயே படுத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் சித்தியின் கைகளில் வேர்க்குரு மறைந்துவிட்டது. வெயில் குறைந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

செடியில் ஆரம்பித்த பேச்சு மெல்ல மெல்ல மற்றதற்கும் பரவியது. சித்தப்பா போன் பண்ணினாரா, எந்த விதைநெல் எடுக்கலாம், ரேஷன் கடை திறந்துவிட்டதா என்று எல்லாமே நேரடியாக. இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று பார்த்தேன். என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டேன். எதற்குக் கோபம் என்று கடைசி வரை யாருக்கும் புரியவில்லை.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அப்பா வயலுக்குப் போய்விட்டார். ஒருநாள் சேற்றுக் காலோடு வந்தவர், பகலில் கொய்யா மரத்தில் தொங்குகிற தேங்காய் மட்டையைக் குனிந்து கூர்ந்து பார்த்துவிட்டு ஊர் கேட்கக் கத்தினார்: "பச்சை புடிச்சிருச்சும்மா! வந்து பாரு!" அடியில் கடுகளவு ஒரு முளை, பச்சையாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. சித்தி ஓடிவந்தாள். அப்பாவும் அவளும் இரண்டு பக்கமும் குனிந்து, அந்தக் கடுகைப் பார்த்துச் சிரித்ததை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மறு வருஷம் சித்திரையில் அது பூத்தது. மூன்றே மூன்று பூக்கள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், கிட்டே போனால் மெல்லிய வாசனை. சித்தி வீடியோ போட்டுச் சித்தப்பாவுக்கும் மலையில் இருக்கிற தன் அப்பாவுக்கும் காட்டினாள். ஊரார் பார்க்கட்டும் என்று அப்பா செடியை வாசல் பந்தலில் தொங்கவிட்டார். எதிர்வீட்டு அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மூணு பூவுக்கா ஒரு வருஷமா ஏசி?" என்று கேட்டாள். அப்பா காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டார்.

பூத்துவிட்டது, இனிமேல் சித்தி எங்கும் போகமாட்டாள் என்ற தைரியத்தில் அன்று சாயங்காலம் அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"சித்தி, அன்னிக்கு அப்பா மேல தப்பு இல்ல. நீங்க சரின்னு சொன்னதா நான்தான் பொய் சொன்னேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "தெரியும்."

"அப்பாவுக்கு?"

"அவருக்கு அன்னிக்கே தெரியும்."

அப்படியானால் அப்பாவும் பொய்தான் சொல்லியிருக்கிறார்! எனக்கு ஒரே குதூகலம். என் பொய்யும் அவர் பொய்யும் சரிக்குச் சரியாகிவிட்டது, இனி அடி விழாது என்ற அளவில்தான் அது எனக்குப் புரிந்தது. அவர் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

அன்று புழுக்கமான புழுக்கம். சாப்பாடு முடிந்ததும் கூடத்திலிருந்து வழக்கமான குரல் வந்தது.

"செடிக்கு ஏசி போட்டாச்சாம்மா?"

செடி அப்போது வாசல் பந்தலில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது? அறைக்குள் சித்தி மட்டும்தான் இருந்தாள். பாவம், அப்பாவுக்கு மறுபடியும் ஞாபக மறதி என்று நினைத்து நான் உரக்கச் சொன்னேன்: "செடி வெளியிலதாம்பா இருக்கு!"



"போட்டாச்சு மாமா" என்றாள் சித்தி உள்ளேயிருந்து. ஏசி ஓடும் சத்தம் கேட்டது. அப்பா டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.